காலி செய்கிறவர் சொல்ல வேண்டியது

ஒரு வீட்டைப் பற்றி அதன் சொந்தக்காரருக்கே தெரியாத பல விஷயங்கள் அதில் வாடகைக்கு இருப்பவருக்குத் தெரியும். எந்தக் குழாயைத் திறந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் குறையும், எந்த ஸ்விட்சைப் போட்டால் எம்.சி.பி. விழும், பின்பக்க ஜன்னலை எத்தனை மணிக்குள் மூடாவிட்டால் கொசு வரும், மோட்டார் எத்தனை நிமிடம் ஓடினால் டேங்க் வழியும். மூன்று வருடம் குடியிருந்தால் இந்தப் பட்டியல் உடம்பில் ஏறிவிடுகிறது. காலி செய்கிற நாளில் அது மொத்தமாக அழிந்துவிடுகிறது. சாவியை ஒப்படைக்கிறோம், ஈ.பி. கார்டை ஒப்படைக்கிறோம், சுவரில் அடித்த ஆணிகளுக்குக் கணக்குச் சொல்கிறோம். நமக்குத் தெரிந்ததை மட்டும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

பட்டியலில் பெரும்பாலானவை அழிந்தால் நஷ்டமில்லை. புதிதாக வருகிறவர் ஒரு மாதத்தில் தானே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சில விஷயங்களைத் தானே கண்டுபிடிக்க ஒருவர் கொடுக்கும் விலை, மூச்சுக்குழாயில் இருந்து போகிறது. ஏசித் தண்ணீர் இறங்கி, ஓதம் ஏறி, பூசணம் பிடித்து, கடைசியில் பெயிண்ட் அடித்து மறைக்கப்பட்ட ஒரு படுக்கையறைச் சுவர் அப்படிப்பட்ட விஷயம். அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்தவர், வீட்டை விட்டுப் போகும்போது, அடுத்து வருகிறவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டுமா? கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? அல்லது அது அவர் வேலையே இல்லையா?

இந்தக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். எனக்கு அது சின்னதாக இருக்கவில்லை.

*

நான் மூன்று வருடம் குடியிருந்தது கீழ்க்கட்டளையில், இரண்டாவது மாடி. ரேடியல் ரோட்டுக்கு நடந்துபோகிற தூரம். முன்பு பல்லாவரம் நகராட்சியில் இருந்த ஊர், 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. தெருவில் பாதிப் பேர் என்னைப் போலத்தான்: வேலை ஓ.எம்.ஆரில், அங்கே வாடகை கட்டுப்படியாகாது, அதனால் இங்கே. எல்லோரும் பதினோரு மாத அக்ரிமென்ட்டில் வாழ்கிறோம். ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வருடத்தைத் தொடாமல் இருக்கப் பிறந்த பழக்கம் இது. வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, அவற்றைப் பற்றிய நினைவு மட்டும் எங்கேயும் சேர்வதில்லை.

பெரிய படுக்கையறையில் ஹவுஸ் ஓனர் மாட்டிய ஸ்பிளிட் ஏசி இருந்தது. அதன் தண்ணீர்க் குழாயை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, சுவருக்குள் பதித்திருந்தார்கள்.

ஏசியைக் குளிர் தரும் எந்திரம் என்றே நினைக்கிறோம். அது பிறந்தது ஈரத்தை விரட்ட. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், கோடைக்காலப் புழுக்கத்தில் காகிதம் உப்பியும் சுருங்கியும், ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வரைந்து கொடுத்த திட்டம்தான் இன்றைய ஏசியின் தொடக்கம். காற்று குளிர்ந்தால் அதனால் பழைய அளவுக்கு நீராவியைத் தாங்க முடியாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். மிச்சம் குளிர்ந்த காயிலின் மேல் வியர்த்து, கீழே உள்ள டிரேயில் சொட்டி, விரல் மொத்தக் குழாய் ஒன்றின் வழியாக வெளியே போகிறது. சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர், சில நேரம் அதற்கு மேலும் தண்ணீர் எடுக்கும். ஒரு ராத்திரிக்கு அரை பக்கெட். இதை வெளியேற்றப் பெரும்பாலான வீட்டு ஏசிகளில் பம்ப் கிடையாது. குழாய்க்கு வாட்டம் இருக்க வேண்டும், தண்ணீர் தானாக இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

வாட்டம் தப்பினாலோ, தூசியும் பாசியும் சேர்ந்து குழாய் அடைத்தாலோ, சுவருக்குள் ஒரு ஜாயின்ட் விலகினாலோ, அறைக்காற்றிலிருந்து பிழிந்தெடுத்த தண்ணீர் அதே அறையின் சுவருக்குள் போய்ச் சேர்கிறது. யூனிட்டிலிருந்து தரையில் சொட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும். சுவருக்குள் கசிவது சத்தமே போடாது. முதலில் பெயிண்ட் ஒரு கொப்புளம் போல உப்பும். பிறகு ஓதம் மேப் போலப் பரவும். அப்புறம் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவை நகர்த்தும்போது, பின்னால் கருப்புப் புள்ளிகள்.

பூசணம் வளர மூன்று வேண்டும்: அதன் வித்து, உணவு, ஈரம். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. உணவுக்குத் தூசி போதும், பெயிண்ட்டில் உள்ள பசை போதும், பிளைவுட் கிடைத்தால் விருந்து. இந்த இரண்டையும் எந்த வீட்டிலிருந்தும் ஒழிக்க முடியாது. ஈரம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பெரும்பாலும் பூசணம் வராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது இதனால்தான். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருவதைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இவ்வளவு பூசணம் வரை பரவாயில்லை என்று ஓர் எல்லையை அதனால் வகுக்க முடியவில்லை. ஈரத்தையே தடுங்கள் என்றுதான் சொன்னது.

பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் நிறம் போகும். பெயிண்ட் அடித்தால் பார்வையிலிருந்து சுவர் போகும். குழாய் மட்டும் அப்படியே இருக்கும்.

*

எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடத்தில் மூன்று மெக்கானிக்குகள் வந்தார்கள். முதலாமவர், "டஸ்ட் அடைச்சிருக்கு சார்" என்று சுத்தம் செய்துவிட்டுப் போனார். இரண்டாமவர், "கேஸ் கம்மி, காயில்ல ஐஸ் புடிச்சு உருகி வழியுது" என்றார். மூன்றாமவர்தான் டிரேயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, வெளியே குழாய் முனையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். பாதிதான் வந்தது. "மிச்சம் உங்க செவுத்துக்குள்ள இருக்கு சார். இது ஏசி வேலை இல்ல, கொத்தனார் வேலை."

ஹவுஸ் ஓனர் வேறு விதமாகச் சொன்னார். "ஜன்னல தொறந்து வைங்க தம்பி. காத்தோட்டம் இல்லன்னா எந்த வீடா இருந்தாலும் பூசணம் புடிக்கும். நீங்க ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்து வேலை பாக்குறீங்க, நாள் பூரா ஏசி ஓடுது." இதில் பொய் ஒன்றும் இல்லை. காற்றோட்டம் உதவும், ஏசி நிறைய ஓடியதும் உண்மை. ஆனால் எல்லாப் பேச்சும் "யார் தப்பு" என்ற இடத்தையே சுற்றியது. பில்டர் தப்பு, மெக்கானிக் தப்பு, வாடகைக்கு இருப்பவர் வாழ்கிற முறை தப்பு. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சுவரில் பூசணம் பிடித்தால் அதில் வாழ்கிறவரின் பழக்கவழக்கத்தைக் கை காட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், ஒரு வீட்டுவசதி அமைப்பின் ஃபிளாட்டில் வாழ்ந்த குடும்பம் 2017-இலேயே பூசணம் பற்றிப் புகார் சொன்னது. மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நீண்ட நாள் பூசணத்தில் இருந்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று அதுவரை அந்த அமைப்பு கருதியிருந்தது. பிறகு வந்த 2023-ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதிச் சட்டத்தில், இத்தனை நாளுக்குள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று கெடு விதிக்கும் பகுதியை அந்தக் குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.

நான் வேலை செய்கிற துறையில், ஒரு சர்வர் விழுந்தால் பிறகு எல்லோரும் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். அதில் யார் செய்தார் என்று எழுதக் கூடாது, எப்படி நடந்தது என்றுதான் எழுத வேண்டும் என்பது நல்ல அலுவலகங்களின் விதி. பயமில்லாவிட்டால்தான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பது அதன் அடிப்படை. அந்தச் சொம்புத் தண்ணீர் மெக்கானிக் செய்தது அதையேதான். ஆனால் அந்த அறிக்கையின் கடைசியில் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும்: இனி யார், என்ன, எந்தத் தேதிக்குள். குற்றத்தை யார் தலையிலும் கட்ட வேண்டாம் என்று விட்டுவிடலாம். வேலையை அப்படி விட முடியாது. யாருடையது என்று எழுதப்படாத வேலை, கடைசியில் யாரால் மறுக்க முடியாதோ அவர் தலையில் விழும். ஈரச் சுவர் விஷயத்தில் அது பெரும்பாலும் சுவரோரம் படுக்கிற ஆள்.

*

நாங்கள் நோட்டீஸ் கொடுத்த மாதம், ஓனர் பெயிண்டரை அனுப்பினார். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட். நாலு நாளில் சுவர் புத்தம் புதிதாக ஆனது. அது இரண்டாவது தடவை. முந்தின வருடமும் இதே சுவருக்கு இதே வைத்தியம் நடந்து, ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

ஓனரைக் கெட்டவராகக் காட்டிவிடுவது சுலபம், அது உண்மையாக இருக்காது. ரிட்டயர் ஆனவர். லோன் போட்டு வாங்கிய ஃபிளாட். அந்த வாடகையில்தான் மாதம் ஓடுகிறது. சுவரைக் கொத்தி வேலை செய்ய வேண்டுமானால் கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் மூன்று பேர் வேண்டும். பெயிண்ட் மட்டும் என்றால் ஒருவர் போதும். ஏமாற்றுகிறோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற நம்பிக்கை ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார்.

வீடு பார்க்க வந்தார்கள். இளம் தம்பதி, கூடவே கணவனின் அம்மா. அந்த அம்மா பெரிய படுக்கையறைக்குள் வந்து, சுவரைப் பார்த்து, "பெயின்ட்லாம் புதுசா அடிச்சிருக்காங்க" என்று திருப்தியாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏசி நல்லா கூல் ஆகுமா தம்பி?" என்று கேட்டார்.

நல்லா கூல் ஆகும். பத்தே நிமிடத்தில் அறை ஜில்லென்று ஆகிவிடும். இந்த நீதிக் கேள்வியின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு முழு உண்மையான ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், ஒரு பொய்கூடச் சொல்லாமல், அவர் அந்தச் சுவரோரம் கட்டில் போடுவதற்கு நான் வழி செய்துவிடுவேன்.

வள்ளுவர் வாய்மைக்குத் தரும் வரையறை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். நடந்ததைச் சொல்வது என்று அவர் வரையறுப்பதில்லை, தீமை இல்லாததைச் சொல்வது என்கிறார். நன்மை தருமானால் பொய்யையும் அதற்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். அதைத் திருப்பிப் போட்டால் ஒன்று கிடைக்கிறது: பொய்யே வாய்மையின் பக்கத்தில் உட்காரலாம் என்றால், உண்மையான ஒரு பதில் அந்த இடத்தை இழக்கவும் முடியும். 'நல்லா கூல் ஆகும்' அப்படிப்பட்ட உண்மை. ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது சொல்வதைப் பற்றி. சொல்லாமல் விட்டதை அளப்பது எப்படி?

*

சொல்லாமல் விட்டதை அளக்க முயன்ற பழைய விவாதம் ஒன்று உண்டு. அதன் உதாரணமே ஒரு வீடுதான். கி.மு. 44-இல் ரோமானிய வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு நிலைமையை வைக்கிறார். ஒருவர் தன் வீட்டை விற்கிறார், அதில் உள்ள குறைகளுக்காகத்தான் விற்கிறார். வாழ்ந்தால் உடம்புக்கு ஆகாத வீடு, வெளியே எல்லோரும் நல்ல வீடு என்று நினைக்கிறார்கள். படுக்கையறைகளில் விஷப் பூச்சி, மரமெல்லாம் உளுத்துப்போனது. சொந்தக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் விற்றால் அது தப்பா?

இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகளை அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனியாவின் டயோஜனஸ், அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். டயோஜனஸின் வாதத்தை இன்றைக்கும் எந்த புரோக்கரும் சொல்வார். வாங்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினார்களா? வாங்குகிறவருக்குக் கண் இல்லையா? சொன்ன சொல்லுக்குத்தான் ஒருவர் பொறுப்பு, சொல்லாததற்கும் பொறுப்பு என்றால் எப்படி? நோய் தரும் வீடு விற்பனைக்கு என்று தண்டோரா போட்டு எவனாவது விற்பானா? ஆன்டிபேட்டர் மறுக்கிறார். வழி தெரியாமல் நிற்கிறவனுக்கு வழி சொல்லாமல் போவதை ஏதென்ஸில் பெரும் பழியாக நினைத்தார்கள், இது அதைவிட மோசம், தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் இறங்க விடுவது என்கிறார்.

சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். அவர் போடும் கோடு நுட்பமானது. பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பு ஆகாது. உனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்தால் அவனுக்கு நல்லது, உன் லாபத்துக்காக அவனுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று நீ விரும்புகிறாய் என்றால், அதுதான் மறைப்பு.

நம் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. சொத்து மாற்றச் சட்டம், 1882, அதன் 108-ஆவது பிரிவின் முதல் விதி: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வாடகைக்கு விடுகிறவர் தனக்குத் தெரிந்த, குடிவருகிறவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும். பட்டிக்கும் பெயிண்ட்டுக்கும் பின்னால் இருக்கிற ஜாயின்ட், சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாததற்கு நல்ல உதாரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் பழுதுகளைப் பிரித்துப் பட்டியல் போடுகிறது. கட்டடப் பழுதும் குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், வாஷ் பேசின், கீசர் போன்ற அன்றாடப் பழுதுகள் குடியிருப்பவர் பக்கம்.

ஆனால் சிசரோவின் விவாதத்தில் விற்கிறவர், வாங்குகிறவர் இருவர்தான். சட்டத்திலும் இருவர்தான். காலி செய்கிறவர் இரண்டிலும் இல்லை. வீடு அவருடையது இல்லை, வாடகை அவருக்கு வரப்போவதில்லை, புதிதாக வருகிறவரோடு அவருக்கு ஒப்பந்தமும் இல்லை. ஆனால் அந்த அறையில் நிற்கிறவர்களில் அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

அந்த அம்மா கேட்பதற்கு இரண்டு நாள் முன்பே நான் ஓனரிடம் பேசியிருந்தேன். மெக்கானிக் சொன்னதை, பழைய போட்டோக்களோடு, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பைப்பைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்விடலாம், கொத்தவே வேண்டாம் என்று எழுதினேன். வருகிறவர்கள் கேட்டால் மறைக்க முடியாது என்பதையும் எழுதினேன். அவரிடம் முதலில் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் அவர் வீட்டைப் பற்றிப் பேசினால் அது புறம்பேசுவது. எழுதிச் சொன்ன பிறகு, 'எனக்குத் தெரியாது' என்று அவரும் சொல்ல முடியாது.

அவர் போன் செய்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. "நீங்கதான் போறீங்களே தம்பி. உங்களுக்கு என்ன?"

*

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உண்மையிலேயே எனக்கு என்ன? சொன்னால் எனக்கு வரக்கூடியது ஒன்றுதான்: அட்வான்ஸ் தாமதமாக வரும், அதில் கொஞ்சம் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் நாலு பேரும் சிரித்த முகத்தோடு பிரிவார்கள்.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்த எல்லோருக்கும் வாயைக் கட்டுகிற ஒன்று இருக்கிறது. ஓனருக்கு வாடகை. புரோக்கருக்குக் கமிஷன். மெக்கானிக்குக்கு அந்த பில்டிங்கிலிருந்து வரும் அடுத்த போன். பெயிண்டருக்கு அன்றைய கூலி. குடியிருக்கும் வரை எனக்கும் இருந்தது: புகார் அதிகமானால் காலி பண்ணச் சொல்வார்கள் என்ற பயம். காலி செய்கிற மாதத்தில் எனக்கு மட்டும் அந்தக் கட்டு தளர்கிறது. போகிறவருக்கு என்ன என்று கேட்பதற்கான பதிலே அதுதான். போவதால்தான் அவரால் சொல்ல முடியும். மற்றவர்களுக்குச் சொல்வதன் விலை பிழைப்பாக இருக்கும்போது, எனக்கு அது ஒரு தொகை. குறைந்த விலையில் பெரிய தீங்கைத் தடுக்க முடிகிற இடத்தில் நிற்பவருக்கு, அந்த இடமே ஒரு கடமையைக் கொடுத்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் இருந்து வராத கடமை. தெரிந்ததில் இருந்தும், சுதந்திரத்தில் இருந்தும் வருவது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. சென்னையில் வீடு கிடைப்பதே சிலருக்குப் போராட்டம். மதம், சாதி, சாப்பாடு, கல்யாணம் ஆகாதவர் என்று கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, கிடைத்த ஒரு வீட்டிலும் குறை சொல்வதால் என்ன லாபம்? அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, கவலைதான் மிச்சம். இதை எடுத்தெறிய முடியவில்லை. ஆனால் தெரிந்துகொள்வதன் பயன் வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. அதே வீட்டுக்கு வந்தாலும், தெரிந்தவர் கட்டிலை எதிர்ச்சுவர் பக்கம் போடுவார். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பார். குழந்தைக்கு இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் முதல் நாளே சுவரைப் பற்றிச் சொல்வார். வேறு வழியே இல்லாதவருக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.

அந்த அம்மாவிடம் சொன்னேன். "கூல் நல்லா ஆகும்மா. ஆனா அதோட தண்ணி இந்தச் செவுத்துக்குள்ள இறங்குது. பைப்ப வெளிய மாத்தச் சொல்லி ஓனர்ட்ட சொல்லியிருக்கேன், அவர்ட்ட கேட்டுக்கோங்க." அவர்கள் வரவில்லை. அடுத்த ஆள் கிடைக்க ஒரு மாதம் ஆனது, அந்த மாத வாடகை ஓனருக்கு நஷ்டம். என் அட்வான்ஸில் பெயிண்டிங் என்று ஒரு தொகை பிடித்துக்கொண்டார். அடுத்து வந்தவர்கள் பைப்பை மாற்றிக் கொடுத்தால் வருகிறோம் என்றார்கள். மாற்றினார். வெள்ளைக் குழாய் ஒன்று சுவருக்கு வெளியே அசிங்கமாக இறங்கியது. எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரு பெரியவருக்கு ஒரு மாத வருமானம் போனது, அதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

*

சொல்வது இவ்வளவு செலவாக இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றுகிறது. பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படரும் தோஷத்துக்கு விதிகள் இருக்கின்றன. வீட்டுக்காரரே போய் ஆசாரியரிடம் சொல்ல வேண்டும். ஆசாரியர் வந்து பார்த்து, ஏழு நாள் வீட்டைப் பூட்டி, மறுபடி பார்த்து, பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூசச் சொல்வார். திரும்பவும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும். இவ்வளவு கடுமையான விதிகளுக்கு நடுவே ஒரு கருணையான ஏற்பாடும் இருக்கிறது: ஆசாரியர் பார்க்க வருவதற்கு முன் வீட்டிலுள்ள சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அவர் உள்ளே வந்து தீட்டு என்று சொல்லிவிட்டால் சாமானெல்லாம் சேர்ந்து தீட்டாகிவிடுமே, அதற்காக. சொந்த வீட்டின் குறையைத் தானே வந்து சொல்கிறவனுக்கு நஷ்டத்தைக் குறைத்துவைத்திருக்கிறார்கள். அப்போதுதான் அவன் சொல்வான்.

நம் ஏற்பாடு இதற்கு நேர் எதிர். ஓதத்தை முதலில் சொல்கிற வாடகைக்காரருக்கு அட்வான்ஸ் போகும், முதலில் ஒப்புக்கொள்கிற ஓனருக்கு ஆள் வராது. இரண்டு பக்கமும் பேசாமல் இருப்பதற்கே பரிசு. ஆபீஸில் ஒருவர் ரிசைன் செய்தால் நோட்டீஸ் பீரியட் முழுக்க அவரை உட்காரவைத்து கே.டி. எடுக்கிறோம், அவர் தலைக்குள் இருப்பதையெல்லாம் எழுதி வாங்குகிறோம். சாஃப்ட்வேர் வெளியிடும்போது 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பட்டியலையும் கூடவே வெளியிடுகிறோம். அதைப் பார்த்து யாரும் அந்த சாஃப்ட்வேரைக் கேவலமாக நினைப்பதில்லை, நேர்மையான டீம் என்றுதான் நினைக்கிறார்கள். மனிதர்கள் தூங்கும் அறைக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது.

இது ஒரு சுவரோடு முடிவதும் இல்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அந்த வழியெங்கும் இன்று வீடுகள். 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னைப் புறநகரின் எத்தனையோ தெருக்களில் தண்ணீர் நின்றது. எந்தத் தெருவில் எந்தப் படி வரை நின்றது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த கோடையில் அதே தரைத்தளம் வாடகைக்கும் விலைக்கும் வரும்போது, சுவரில் தண்ணீர் நின்ற கோடு பெயிண்ட்டுக்குள் போயிருக்கும். கடைக்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், காலி செய்துவிட்டுப் போனவருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும் என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. ஊரெல்லாம் அறிந்த ஒன்று ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போவது இப்படித்தான். இதில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டம் வரட்டும், பட்டியல் அக்ரிமென்ட்டில் ஏறட்டும். அதுவரைக்கும் ஒரு துண்டுப் பேப்பர் போதும். ஈ.பி. கார்டோடு சேர்த்து வைத்துவிட்டுப் போகலாம். மோட்டார் இருபது நிமிஷம். கிச்சன் ஸ்விட்சும் கீசரும் சேர்த்துப் போடாதீங்க. பெரிய பெட்ரூமில் ஏசி இருக்கிற செவுத்துப் பக்கம் கட்டில் வேண்டாம்.